மலைப்பாதையில் டயர் காற்று: கண்டி வீதிகளுக்கு ஏற்ற அழுத்தம்

வண்டியின் பாரத்தைச் சுமப்பது பெரும்பாலும் டயருக்குள் அடைபட்டிருக்கும் காற்றுத்தான். இறப்பரும் நூலிழையும் எஃகுக் கம்பியும் சேர்ந்த உறை அந்தக் காற்றைச் சிதறவிடாமல் பிடித்துக்கொள்கிறது; வீதியைத் தொட்டு உராய்வைத் தருகிறது. ஆயிரம் கிலோ எடையுள்ள ஒரு காரில் ஒவ்வொரு சக்கரத்தின் மேலும் 250 கிலோ இருப்பதாக வைத்துக்கொண்டால், டயரில் 30 பி.எஸ்.ஐ. காற்று, அதாவது சதுர அங்குலத்துக்கு 30 இறாத்தல் அழுத்தம், இருக்கும்போது அது வீதியைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 118 சதுர சென்ரிமீற்றர். ஓர் உள்ளங்கை அளவுதான். காற்றை 20 ஆகக் குறைத்தால் அந்தப் பரப்பு 178 வரை விரியும். பக்கச்சுவரின் விறைப்பையும் சேர்த்துப் பார்த்தால் உண்மையான கணக்கு சற்று மாறும், ஆனால் போக்கு இதுதான். பயணச் சுகமும் பாதுகாப்பும் இந்தச் சிறிய பரப்பின் அளவிலும் வடிவத்திலும் அடங்கியிருக்கின்றன.

காற்று குறைந்த டயர் நன்றாக அமுங்கும். சிறு கல்லும் பள்ளமும் தரும் அதிர்ச்சியைச் சஸ்பென்ஷனுக்குப் போகுமுன்பே வாங்கிக்கொள்ளும். அதனால் காற்றைக் கொஞ்சம் இறக்கினால் வண்டி மெத்தென்று ஓடுகிறது என்று சாரதிகள் சொல்வது உண்மை. ஆனால் அதே அமுக்கம் ஒவ்வொரு சுற்றிலும் பக்கச்சுவரை மடக்கி நிமிர்த்துகிறது. மடங்கும் இறப்பர் சூடாகும். சூடு ஏறினால் உள்ளே அடுக்குகளை ஒட்டியிருக்கும் பிணைப்பு தளரும், ஸ்டியரிங் மந்தமாகும், ஓரங்கள் சீக்கிரம் தேயும், பள்ளத்தில் விழும்போது ரிம் நேராகக் கல்லில் அடிக்கும். காற்று மிதமிஞ்சினால் இதற்கு நேர்மாறு. வண்டி ஒவ்வொரு மேட்டிலும் துள்ளும். துள்ளும் சக்கரம் வீதியை விட்டு எழுந்த கணத்தில் பிறேக்குக்கும் கட்டுப்படாது, ஸ்டியரிங்குக்கும் கட்டுப்படாது. டயரின் நடுப்பகுதி மட்டும் தேய்ந்து வழுவழுப்பாகும். ஆகவே கல்லென இறுகிய டயர் பாதுகாப்பானது என்ற எண்ணமும் தவறு. கரடுமுரடான வீதியில் சுகமும் பிடிப்பும் கொஞ்ச தூரம் கைகோத்தே போகின்றன. அவை பிரியும் இடத்தைக் கண்டுபிடிப்பதே சரியான அழுத்தத்தைக் கண்டுபிடிப்பது.

அந்த இடத்தைத் தவறவிட்டதன் விலையை உலகம் பெரிய அளவில் கண்டது 2000ஆம் ஆண்டில். அமெரிக்காவில் ஃபோர்ட் எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் பொருத்தப்பட்ட ஃபயர்ஸ்டோன் டயர்கள் ஓடும்போதே மேற்தோல் உரிந்து வண்டிகள் கவிழ்ந்தன. ஏறத்தாழ 65 இலட்சம் டயர்கள் திருப்பி அழைக்கப்பட்டன. 270க்கும் மேற்பட்ட இறப்புகள் அந்த டயர்களோடு தொடர்புபடுத்தப்பட்டன. டயரின் உற்பத்திக் குறை, வண்டியின் உயரம் என்று காரணங்கள் பல பேசப்பட்டாலும், வண்டிக்குப் பரிந்துரைக்கப்பட்ட 26 பி.எஸ்.ஐ. என்ற தாழ்ந்த அளவும் விசாரணையின் மையத்துக்கு வந்தது. டயர் நிறுவனம் பின்னர் 30 வேண்டும் என்றது. நிறைந்த பாரம், வெயில், நீண்ட வேகப் பயணம் ஆகிய மூன்றும் சேரும்போது அந்த 26இல் மிச்சமாக எந்த இடைவெளியும் இருக்கவில்லை. அதன் விளைவாக வந்த சட்டப்படி 2007 செப்டெம்பர் முதல் அமெரிக்காவில் விற்கப்படும் புதிய கார்கள் எல்லாவற்றிலும் காற்றுக் குறைந்தால் எச்சரிக்கும் விளக்கு கட்டாயமானது. அந்த விளக்கும் பரிந்துரைத்த அளவில் கால்பங்கு குறைந்த பிறகு எரிந்தால் போதும் என்பதே விதி. 32 வேண்டிய டயரில் 24 ஆகும்வரை அது வாய்திறக்காமல் இருக்கலாம். ஜப்பானில் இந்த விளக்கு கட்டாயமில்லை. அங்கிருந்து இலங்கைக்கு வந்த பழைய கார்கள் பலவற்றில் அது இல்லவே இல்லை.

கதவோரத்து எண்

சரியான அழுத்தத்தைத் தேடுவதற்குத் தொடக்கப்புள்ளி ஒன்றே: வண்டி தயாரித்தவர் கொடுத்த எண். சாரதியின் கதவைத் திறந்தால் நடுத்தூணில் ஒட்டியிருக்கும் சிறு தாளில் அது இருக்கும். கண்டியில் ஓடும் கார்களில் கணிசமானவை ஜப்பானில் பாவித்து இறக்குமதியானவை. அந்தத் தாளில் உள்ளது முழுவதும் ஜப்பானிய எழுத்து. எழுத்துத் தெரியாவிட்டாலும் தாளைப் படிக்கலாம். முதலில் 175/65ஆர்15 போன்ற டயர் அளவு; அதன் பக்கத்தில் 230 போன்ற மூவிலக்க எண்ணும், அதோடு 2.3 போன்ற தசம எண்ணும். மூவிலக்க எண் கிலோபாஸ்கல், தசம எண் சதுர சென்ரிமீற்றருக்குக் கிலோ. 100 கிலோபாஸ்கல் 14.5 பி.எஸ்.ஐ.க்குச் சமம் என்பதால் 230 என்பது ஏறத்தாழ 33. முன், பின் சக்கரங்களுக்கு வேறு வேறு எண்கள் இருந்தால் இரண்டு வரிசை இருக்கும்.

காற்றடிக்கும் இடத்தில் எந்தக் கார் வந்தாலும் முப்பது என்று பழக்கத்தில் ஓர் எண் ஓடுகிறது. ஒரு தலைமுறைக்கு முந்திய கார்களுக்கு அது பெரிய தவறில்லை. எரிபொருள் சிக்கனத்தைக் குறிவைத்துச் செய்யப்பட்ட ஜப்பானியச் சிறு கார்களில் சில 280 கிலோபாஸ்கல், அதாவது 40 பி.எஸ்.ஐ., வரை கேட்கின்றன. அந்த வண்டிக்கு முப்பது அடித்தால் கால்பங்கு குறைவு. சிறு சக்கரம், ஒடுங்கிய டயர், உள்ளே நாலைந்து பேர் என்ற நிலையில் அந்தக் கால்பங்கு மலையிறக்கத்தில் சிறிய விஷயமல்ல.

டயரின் பக்கச்சுவரில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்துக் காற்றடிப்பதும் உண்டு. அது அந்த டயர் தாங்கும் உச்ச எல்லை. ஒரே டயர் பத்து வகை வண்டிகளுக்குப் போகும். எந்த வண்டிக்கு எவ்வளவு என்பதை டயரில் எழுத முடியாது. வேறு அளவு டயர் மாற்றிப் போட்டிருந்தால் மட்டும் கதவோரத்து எண் அப்படியே பொருந்தாது. அப்போது புதிய டயரின் சுமை அட்டவணையைப் பார்த்து, பழைய டயர் அந்த அழுத்தத்தில் சுமந்த பாரத்தைப் புதியது எந்த அழுத்தத்தில் சுமக்கிறது என்று பார்க்க வேண்டும்.

பாரம்

கண்டியைச் சுற்றிய வீதிகளில் மற்ற எல்லாவற்றையும்விட அழுத்தத்தைத் தீர்மானிக்க வேண்டியது பாரம். பாடசாலை வேன், தோட்டத்து லொறி, கட்டுகஸ்தோட்டைக்கும் அக்குறணைக்கும் சாமான் ஏற்றும் சிறு லொறி ஆகியவை காலையில் ஓர் எடையோடும் மாலையில் வேறொரு எடையோடும் ஓடுகின்றன. வெறுமையாக ஓடும்போது மெத்தென்றிருக்கும் அளவு, நிறைந்த வண்டிக்குப் போதாது. தயாரிப்பாளர்கள் பல வண்டிகளுக்கு வெறும் வண்டி, நிறைபாரம் என்று இரண்டு எண்கள் கொடுப்பது இதற்காகத்தான். இரண்டுக்கும் நடுவில் தினமும் காற்றை ஏற்றி இறக்க யாருக்கும் நேரமில்லை. அப்படியானால் நிறைபார அளவை வைத்துக்கொண்டு வெறுமையாகப் போகும்போது கொஞ்சம் குலுங்குவதைப் பொறுத்துக்கொள்வதே சரி. குலுக்கத்தால் இடுப்பு வலிக்கும். மறுபக்கத் தவறால் டயர் வெடிக்கும்.

முச்சக்கரவண்டிக்கு இது இன்னும் கூர்மையானது. வெற்று வண்டி ஏறத்தாழ 350 கிலோ. ஓட்டுநரோடு மூன்று பயணிகள் ஏறினால் மொத்தம் 600ஐத் தாண்டும். கூடிய பாரத்தின் பெரும்பங்கு பின்னால் உள்ள இரண்டு எட்டு அங்குலச் சக்கரங்களின் மேல் விழுகிறது. சிறிய சக்கரம் ஒரே தூரத்துக்கு அதிக முறை சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் மடங்குகிறது. ஆகவே காற்றுக் குறைவின் சூடு அதில் வேகமாகச் சேரும். ஹந்தானைக்கோ தெல்தோட்டைக்கோ ஏறும் வண்டியில் பின்சக்கரக் காற்று முன்சக்கரத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும் என்பதைக் கைநூலும் சொல்கிறது. 100 முதல் 150 சி.சி. வரையான மோட்டார் சைக்கிள்களிலும் இதே முறைதான். முன்னால் 25, பின்னால் தனியாளுக்கு 28, பின்னிருக்கையில் ஆள் இருந்தால் 32 என்ற அளவில் பல மாதிரிகளுக்கு எண்கள் தரப்படுகின்றன. மனைவியும் பிள்ளையும் பின்னால் ஏறும் குடும்ப வண்டிக்கு எப்போதும் மூன்றாவது எண்தான் பொருந்தும்.

பெரிய பஸ்களுக்கும் லொறிகளுக்கும் கணக்கு வேறு தளத்தில் இருக்கிறது, 10.00-20 போன்ற டயர்களில் 100 பி.எஸ்.ஐ.யை ஒட்டியோ அதற்கு மேலோ காற்று நிற்கும். பின் அச்சில் இரட்டைச் சக்கரம் இருப்பதால் ஒன்று காற்றிழந்தாலும் வெளியே தெரியாது. பாரம் முழுவதும் பக்கத்து டயருக்குப் போய் அதுவும் சூடாகும். தட்டிப் பார்த்து ஓசையால் கண்டுபிடிக்கும் பழக்கம் முழுதாகக் காற்றிழந்த டயரைக் காட்டிக்கொடுக்கும், இருபது பி.எஸ்.ஐ. குறைந்ததைக் காட்டாது. இத்தகைய பாரவண்டி டயர்களில் கார் டயர்களைவிட இயற்கை இறப்பர் அதிகம், ஏனெனில் மடங்கும்போது அது குறைவாகவே சூடாகிறது.

உயரமும் குளிரும்

கண்டி நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர், நுவரெலியா 1,868. டயர் அழுத்தமானி காட்டுவது டயருக்கு உள்ளே உள்ள அழுத்தத்துக்கும் வெளிக்காற்றுக்கும் இடையிலான வேறுபாட்டை. மேலே ஏற ஏற வெளிக்காற்று மெலிவதால் மானியின் எண் உயரும். கண்டியில் அடித்த காற்றோடு கம்பளை, இறம்பொடை வழியாக நுவரெலியா சேரும்போது உயரத்தால் மட்டும் ஏறத்தாழ 2 பி.எஸ்.ஐ. கூடுகிறது. அதே பயணத்தில் குளிர் எட்டுப் பாகை செல்சியஸ் அளவு கூடும், அது 1.2 பி.எஸ்.ஐ.யைக் குறைக்கும். மிச்சம் ஒன்றுக்கும் குறைவு. கொழும்பிலிருந்து கண்டிக்கு வரும்போதும், கண்டியிலிருந்து ஹுன்னஸ்கிரிய தாண்டி மஹியங்கனையின் வெப்பத்துக்கு இறங்கும்போதும் இரண்டு விளைவுகளும் ஏறத்தாழ ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுகின்றன. ஆகவே மலைக்குப் போகிறோம் என்று காற்றைக் குறைத்து வைக்கும் வழக்கத்துக்கு இந்த உயரங்களில் அடிப்படை இல்லை.

ஓட்டத்தால் வரும் சூடு இதைவிடப் பெரியது. அரைமணி ஓடிய டயரில் எண் 2 முதல் 6 வரை உயரும். பரிந்துரைக்கப்பட்ட அளவுகள் எல்லாம் ஆறிய டயருக்கானவை. அந்த உயர்வைக் கணக்கில் எடுத்துத்தான் அவை நிர்ணயிக்கப்படுகின்றன. மாவனல்லையிலிருந்து கடுகண்ணாவை ஏற்றத்தை முடித்துவிட்டு நிறுத்திப் பார்க்கும்போது 37 காட்டுகிறதே என்று காற்றை இறக்கிவிட்டால், மறுநாள் காலை வண்டி குறைந்த காற்றோடு புறப்படும். சூடான டயரில் காற்றைக் குறைக்கக்கூடாது என்ற விதி எளிமையானது. மீறப்படுவதும் அதுதான் அதிகம்.

இறக்கமும் மழையும்

மலைநாட்டில் டயரைச் சோதிப்பது ஏற்றத்தைவிட இறக்கம். பயணிகளோடு 1,200 கிலோ எடையுள்ள கார், சமதரையில் முன்சக்கரங்களில் 700 கிலோ வைத்திருப்பதாகக் கொள்வோம். பத்துக்கு ஒன்று என்ற சரிவில் இறங்கும்போது சற்று அழுத்திப் பிறேக் பிடித்தால் அந்த 700 ஏறத்தாழ 830 ஆகும். உடதும்பரையைத் தாண்டி ஹசலக்கவை நோக்கி இறங்கும் பதினெட்டு வளைவில் இது வளைவுக்கு வளைவு நடக்கிறது. அதே கணத்தில் ஸ்டியரிங்கும் திரும்புவதால் வெளிப்பக்க முன்சக்கரம் ஒன்றே பாரத்தின் பெரும்பங்கைத் தாங்கிக்கொண்டு பக்கவாட்டிலும் தள்ளப்படுகிறது. காற்றுக் குறைந்த டயர் இங்கே மடிந்து தோள்பகுதியில் நிற்கும். ஸ்டியரிங்கைத் திருப்பிய பிறகு வண்டி திரும்பத் தாமதிக்கும். நகருக்குள் சுகமாக இருந்த மென்மை இந்த இடத்தில் பயத்தைத் தருவது அதனால்தான். கண்டி வண்டிகளுக்கு முன்சக்கரக் காற்றைக் கதவோரத்து எண்ணுக்குக் கீழே ஒருபோதும் விடக்கூடாது என்பதற்கு இந்த இறக்கங்களே போதுமான காரணம். தேவைப்பட்டால் 1 அல்லது 2 பி.எஸ்.ஐ. கூட்டலாம், குறைக்கலாகாது.

மழையில் காற்றுக் குறைவின் தீங்கு வேறுவிதம். தேங்கிய நீரின் மேல் டயர் மிதந்துபோகும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தோடு உயர்கிறது என்று 1960களில் நாசா ஆய்வாளர்கள் விமானச் சக்கரங்களைச் சோதித்துக் கண்டனர். அந்தச் சூத்திரப்படி 30 பி.எஸ்.ஐ.க்கு அது மணிக்கு ஏறத்தாழ 90 கிலோமீற்றர், 20 பி.எஸ்.ஐ.க்கு 75. கார் டயரின் பள்ளங்களும் அகலமும் எண்ணை மாற்றும் என்றாலும் திசை மாறாது. கண்டி வீதிகளில் அந்த வேகம் வாய்ப்பதில்லை. அங்கே மழை தரும் ஆபத்து, எண்ணெயும் களிமண்ணும் கரைந்த முதல் தூறலின் வழுக்கலே. ஆனால் 2022 ஜனவரியில் மீரிகமவுக்கும் குருநாகலுக்கும் இடையில் மத்திய அதிவேகப் பாதை திறந்தபின், கலகெதர வழியாக இறங்கும் அதே கார் ஒரு மணிநேரத்துக்குள் மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தை எட்டுகிறது. மலைச்சுகத்துக்காகக் குறைத்த காற்று அங்கே இரட்டை ஆபத்து: ஒக்டோபர், நவம்பர் மழைநீரில் மிதப்பது ஒன்று, நீடித்த வேகத்தில் சூடாவது மற்றொன்று.

சைக்கிள்

சைக்கிளில் மட்டுந்தான் சுகத்துக்காகக் காற்றைக் குறைக்க உண்மையான இடம் இருக்கிறது. ஓட்டுபவரின் எடையே பாரத்தின் பெரும்பகுதி என்பதால் எல்லாருக்கும் ஒரே எண் பொருந்தாது. 50 கிலோ ஆளுக்குச் சரியானது 80 கிலோ ஆளுக்குப் போதாது. அமெரிக்கப் பொறியியலாளர் ஃபிராங்க் பெர்ட்டோ முன்வைத்த அளவுகோல் பரவலாக ஏற்கப்பட்டது: ஆள் ஏறி உட்காரும்போது டயரின் உயரம் 15 சதவீதம் அமுங்கினால் அழுத்தம் சரி. 40 மில்லிமீற்றர் உயரமுள்ள டயர் 6 மில்லிமீற்றர் இறங்க வேண்டும். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி இன்னொருவரை அளக்கச் சொன்னால் வீட்டிலேயே பார்த்துவிடலாம். கரடான தாரில் கல்லாய் இறுகிய டயர் வேகமாக உருளும் என்பதும் நிலைக்கவில்லை. அதிர்வில் உடல் இழக்கும் சக்தி, உருளலில் மிச்சமாவதைவிடக் கூடிவிடுகிறது. இறக்கம் மட்டும் விதிவிலக்கு. ரிம்மைப் பிடிக்கும் பிறேக் உள்ள சைக்கிளில் இறம்பொடை போன்ற நீண்ட சரிவில் விடாமல் பிறேக் பிடித்தால் ரிம் சூடாகி டியூப்பில் அழுத்தம் ஏறும். ஏற்கெனவே உச்ச அளவில் அடித்திருந்தால் வெடிக்கலாம். விட்டுவிட்டுப் பிடிப்பதும், இடையில் நிறுத்தி ஆறவிடுவதும் வேண்டும்.

அளப்பதும் காப்பதும்

நல்ல டயரும் மாதத்துக்கு ஒன்று, இரண்டு பி.எஸ்.ஐ. இழக்கும். ஆகவே மாதம் இருமுறை, காலையில் வண்டி ஓடுமுன், சொந்த மானியால் அளப்பது நல்லது. வாசலிலேயே சரிவு என்ற வீடுகள் கண்டியில் நிறைய. அதனால் அளவு மாறாது, ஆனால் வண்டியைக் கண்ணால் பார்த்துக் காற்றை மதிப்பிட முயன்றால் கீழ்ப்பக்க டயர் தவறாகத் தெரியும். இன்றைய ரேடியல் டயர்கள் இயல்பாகவே கொஞ்சம் உப்பி நிற்பதால் கண்மதிப்பு எப்படியும் நம்பத்தக்கதல்ல. கடையில் உள்ள மானி தவறாக இருக்கலாம்; வீட்டு மானியோடு ஒருமுறை ஒப்பிட்டு வித்தியாசத்தை நினைவில் வைத்தால் போதும்.

காற்று மீண்டும் மீண்டும் குறைந்தால் முதலில் வால்வைப் பார்க்க வேண்டும். டயர் கடையில் விரல்நுனியால் எச்சிலையோ சவர்க்கார நீரையோ வால்வின் வாயில் வைப்பார்கள். மெல்லிய படலம் விரிந்து குமிழியானால் கசிவு அங்கே. மூடி இல்லாத வால்வில் மலைவீதிச் சேறு புகுந்து ஊசியை ஒட்டவிடாமல் செய்யும். முச்சக்கரவண்டியின் ரிம் இரண்டு பாதிகளை நட்டுப்போட்டுச் சேர்த்தது. காற்றை முழுவதும் இறக்காமல் அந்த நட்டுகளைக் கழற்றினால் பாதி ரிம் முகத்தில் பாயும். வீதியோரத்தில் தாமே டியூப் மாற்றுபவர்கள் இதை மறக்கக்கூடாது.

டயர் கடைகளில் விற்கப்படும் நைட்ரஜன் பற்றியும் ஒரு தெளிவு வேண்டும். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். அமெரிக்க நுகர்வோர் இதழான கன்சியூமர் ரிப்போர்ட்ஸ் ஓராண்டு வைத்துப் பார்த்த சோதனையில் நைட்ரஜன் அடித்த டயர்கள் சராசரியாக 2.2 பி.எஸ்.ஐ. இழந்தன, காற்றடித்தவை 3.5. வேறுபாடு உண்மை, ஆனால் சிறியது; மாதம் இருமுறை அளப்பவருக்குத் தேவையில்லை. எரிபொருள் மிச்சமும் அப்படித்தான். நான்கு டயரிலும் ஒரு பி.எஸ்.ஐ. குறைந்தால் செலவு 0.2 சதவீதம் கூடும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு. 2022 எரிபொருள் நெருக்கடியில் முச்சக்கரவண்டிக்கு வாரத்துக்கு 5 லீற்றர் பெற்றோல் என்றிருந்தபோதும், ஆறு பி.எஸ்.ஐ. குறைவால் போனது 60 மில்லிலீற்றர்தான். காற்றைக் கவனிப்பதற்கான காரணம் டயரின் ஆயுளும் வண்டியிலிருப்பவர்களின் உயிரும்.

கதவோரத்து எண் தன் வண்டிக்கும் பாரத்துக்கும் பொருந்துகிறதா என்று பரிசோதிக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, டயரின் குறுக்கே சோக்குக்கட்டியால் தடித்த கோடு இழுத்து, காய்ந்த நேர் வீதியில் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்ப்பது. கோடு ஓரங்களில் மட்டும் அழிந்தால் காற்றுப் போதாது. நடுவில் மட்டும் அழிந்தால் மிதமிஞ்சியது. மற்றது, ஆறிய டயரை அளந்து, வழமையான பாரத்தோடு அரைமணி ஓட்டி, மறுபடி அளப்பது. கார் டயரில் 4 பி.எஸ்.ஐ.யைச் சுற்றி உயர்ந்தால் தொடங்கிய அளவு சரி; ஏழு, எட்டு உயர்ந்தால் டயர் தேவைக்கு மேல் மடங்கிச் சூடாகிறது, காற்றைக் கூட்ட வேண்டும். இந்தச் சோதனைக்குக் கடுகண்ணாவை இறக்கம் பொருந்தாது; பிறேக்கின் சூடு ரிம் வழியாக டயருக்குப் போய் கணக்கைக் கெடுக்கும். குண்டசாலைப் பக்கத்து ஓரளவு சமமான வீதியில் போய், புறப்பட்ட இடத்துக்கே திரும்பி அளந்தால் உயரவேறுபாடும் குறுக்கிடாது.

மேலதிகச் சக்கரத்தையும் இதே நாளில் அளக்க வேண்டும். பல ஜப்பானியக் கார்களில் உள்ள மெலிந்த தற்காலிகச் சக்கரம் 420 கிலோபாஸ்கல், அதாவது ஏறத்தாழ 60 பி.எஸ்.ஐ., கேட்கும்; ஆண்டுக்கணக்கில் தொடாமல் கிடந்தால் அதில் பாதிதான் இருக்கும். சில ஹைபிரிட் கார்களில் அதுவும் இல்லை. பசைப் போத்தலும் சிறு காற்றுப் பம்பும் மட்டுமே. பக்கச்சுவர் கிழிந்தால் அந்தப் பசை உதவாது. ஹுன்னஸ்கிரியவுக்கும் ஹசலக்கவுக்கும் இடையில் இரவில் ஓடும் வண்டி, எது தன்னிடம் இருக்கிறது என்பதைக் கண்டியை விடுமுன் திறந்து பார்த்திருக்க வேண்டும்.